பயிருக்கு மஞ்சக்காமாலை

ராகிப் பயிருக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்த கீர்த்திவாசன், மண்ணிலிருந்து ஒரு வெள்ளை மணியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

வரப்பில் நின்ற லிங்கசாமி ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

கீர்த்திவாசன் இயற்கை விவசாயச் சான்றுக்காக வயலைச் சோதிக்க வந்த அதிகாரி. ஊட்டிப் பக்கம் சோலூருக்குக் கீழே சரிவில் கிடக்கும் இந்த நிலம் லிங்கசாமி குடும்பத்துக்குச் சொந்தமில்லை, குத்தகை. ராகியும் சாமையும்தான் வெள்ளாமை. உர மூட்டையே உள்ளே வரக் கூடாது, மூன்றாம் வருஷம் சான்று வாங்கிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் நிலத்தை விட்டுவிட வேண்டும். நிலத்துக்காரரிடம் அப்படிப் பேசி முடித்தவள் மருமகள் ராஜப்ரியா.

இது மூன்றாம் வருஷம்.

லிங்கசாமி இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். அன்னூர்ப் பக்கம் இருந்த காலத்திலிருந்து யூரியா வீசியே பழகிய கை. பயிர் வெளுத்து நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, பிள்ளை பசித்து அழும்போது நாம் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரி இருந்தது அவருக்கு.

பக்கத்து நிலத்தில் செல்லதுரையின் கேரட் கருகருவென்று நின்றது. போன வாரம் டீக்கடையில், நாலு பேர் இருக்கும்போது, அவன் கேட்டான்:

"ஏனுங்க மாமா, உங்க பயிருக்கு மஞ்சக்காமாலைங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். லிங்கசாமியும் சிரித்து வைத்தார்.

மறுநாள் பஸ் ஏறி ஊட்டிக்குப் போனார். சின்ன மூட்டையாக யூரியா வாங்கினார். மாட்டுத் தீவனம் என்று கண்டக்டரிடமும் பொய், வீட்டிலும் பொய். கொட்டகையில் ராகித்தாளுக்கு அடியில் சொருகி வைத்தார்.

நேற்று விடியலில் காரியத்தை முடித்தார்.

தன் காலே தனக்குத் தெரியாத மூடுபனி. விரலெல்லாம் மரத்துக் கிடந்தது. மூக்கு ஒழுகியது. கண்ணாடியில் நீர் பூத்து, எங்கே வீசுகிறோம் என்றே தெரியவில்லை. ஆனாலும் கை தானாக வீசியது. கடைசிப் பிடியை வீசியதும் அப்படியொரு நிம்மதி. ஒரு பனிக்கே கரைந்துவிடும். யாருக்குத் தெரியப் போகிறது?

அதிகாரி வர இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார். இன்று காலை ஜீப் வந்து நின்றுவிட்டது.

அந்தப் பாழாய்ப்போன யூரியாவும் கரையாமல் கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஊதிப் பெருத்து, பல்லைக் காட்டிக்கொண்டு.

கீர்த்திவாசன் தலையைத் தூக்கி, பக்கத்தில் நின்ற ராஜப்ரியாவைப் பார்த்தார். "என்னம்மா இது?"

லிங்கசாமிக்கு அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மூன்று வருஷமாக மாட்டுச் சாணத்தையும் கோமியத்தையும் கரைத்துக் கரைத்து ஊற்றிய பெண். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் வாடை தாங்காமல் எழுந்து போனால்கூடக் கண்டுகொள்ள மாட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் பயிருக்குள் இறங்கிவிட்டார்.

"நான் போட்டதுங்க சார். புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. எது எழுதறதா இருந்தாலும் எம் பேருக்கு எழுதிக்கோங்க. நெலத்தை மட்டும் அவகிட்ட இருந்து புடுங்கிப்போடாதீங்க."

கும்பிட்ட கையை அவர் இறக்கவே இல்லை.

ராஜப்ரியா துப்பட்டாவை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று லிங்கசாமிக்குப் புரிந்தது. இந்த வயசில் இப்படியொரு பாவத்தைச் சம்பாதிக்க வேண்டுமா என்று தன்னையே நொந்துகொண்டார்.

கீர்த்திவாசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணியைக் கட்டைவிரலால் நசுக்கினார். விரலில் பசை மாதிரி ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

"இதை எதுக்குங்க பெரியவரே வயல்ல போட்டீங்க?"

அதற்குள் ராஜப்ரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"குருவிங்க இதைத் திங்க எறங்குமுங்க சார். அப்படியே புழுவையும் பொறுக்கிட்டுப் போயிருமுங்க. எல்லாம் மாமாவோட யோசனைங்க."

கீர்த்திவாசன் வயலைச் சுற்றிப் பார்த்தார். நிஜமாகவே சரிவு முழுக்க மைனாவும் சிட்டும் கொத்திக்கொண்டிருந்தன. செல்லதுரையின் கேரட்டில் ஒன்றுகூட இல்லை.

"அடேங்கப்பா! நல்ல யோசனைதானுங்க. ஆனா அதுக்குப் பொரி போதுமே. யாராவது பாயசத்துக்கு வெக்கிற ஜவ்வரிசியைப் போடுவாங்களா?"

லிங்கசாமியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

அதிகாரி மண்ணிலும் பயிரின் தண்டிலும் கொஞ்சம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பயிர் வெளுத்திருந்தாலும் வேர் நன்றாக இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார். அடுத்த மாதம் ஊட்டியில் நடக்கும் விவசாயிகள் கூட்டத்துக்குப் பெரியவர் அவசியம் வர வேண்டும், இந்தக் குருவி விஷயத்தை எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். லிங்கசாமி குலுக்கிய பக்கமெல்லாம் ஆடினார்.

ஜீப் வளைவு திரும்பி மறைந்தது.

அப்புறம் ராஜப்ரியா, அதிகாரிக்குக் கொடுத்த டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஏனுங்க மாமா, இனி மூட்டை வாங்கறதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. மாத்தி வெக்க, அத்தனை ஜவ்வரிசிக்கு ஊட்டியில எத்தனை கடைதான் ஏறி எறங்கறது?"