மறு நுனி

கடற்படை முகாமைத் திடீரெனத் தாக்கியவர்கள் மீன்பிடித் தோணிகளில் வந்திருந்தார்கள். அதனால் அன்று காலையே கடலுக்குத் தடை. அதற்கு முன்பே கரைவலை வளைக்கப் போன நூஹுவின் தோணி சாய்ந்தமருதுக்குத் திரும்பவில்லை.

கரைவலைக் கயிற்றின் ஒரு நுனி கரையில் இருக்கும். தோணி வலையை வளைத்து, மறு நுனியைத் தொலைவில் கரைசேர்க்கும்.

நான்காம் நாள் தடை தளர்ந்தது. நூஹுவின் தம்பி மீராசா பத்துப் பேரோடு கரை நுனியைப் பிடித்தான்.

“அங்கால இழுக்க ஆளில்ல. வலை கோணிக் கிழியும், விசரா,” என்றான் மச்சான் சரீப், வடக்குக் கரையைக் காட்டி.

“கிழியட்டும். காக்காட சாரனாவது வரும்,” என்றான் மீராசா, அண்ணன் உடுத்திப் போன கைலியை நினைத்து.

வலை கோணாமல் வந்தது. கரை நெருங்கினால் இரு பக்கத்தாரும் இழுத்தபடியே ஒருவரையொருவர் நோக்கி நகர்வது வழக்கம். வடக்கே, ஆளில்லாத மணலில், குதிகால் குழிகள் ஒவ்வொன்றாக விழுந்து நெருங்கின.

மற்றவர்கள் கயிற்றை விட்டு ஓடினார்கள். மீராசா இன்னும் பலமாக இழுத்தான். குழிகள் இன்னும் வேகமாக வந்தன.