மூளை அடங்கும்வரை

மண்டியிட்டே கிடந்ததில் சடையாண்டிக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்விட்டது. வளர்ப்புப் பிராணிகளை வலியில்லாமல் சாகவைப்பது அவன் வேலை. அந்த வீட்டில் வளர்ந்த, உடும்பு மாதிரியான கிழட்டு இக்வானாவுக்கு ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஆகியும், கையுறை மாட்டிய வலது கையை அதன் தலையிலிருந்து எடுக்கவில்லை. கையுறையில் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"நெஞ்சுதான் நின்னுபோச்சேண்ணே, இன்னும் என்ன?" என்றாள் வீட்டுக்காரி சாருலதா.

"இந்தப் பல்லி சாதிக்கு நெஞ்சு நின்னாலும் மூளை முழிச்சிருக்கும்மா. அது அடங்கி இந்த விளக்கு அணையுறவரைக்கும் தனியா விடக்கூடாதுன்னு சட்டம்."

இடது கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மச்சினன் முனியப்பன்.

"மாமா, அக்காவுக்கு மூச்சு இழுக்குது. உங்களைத்தான் தேடுது. அந்தச் சனியனைப் போட்டுட்டு வாங்க!"

"கையெடுத்தா உரிமம் போயிரும்டா. உரிமம் போனா ஆஸ்பத்திரி கார்டு செல்லாது. உங்கக்காவைத் தூக்கி வெளிய போட்டுருவானுக. இந்தா, இப்ப அணைஞ்சிரும்."

"நீங்க போங்கண்ணே, நான் கை வச்சுக்கிறேன்" என்றாள் சாருலதா.

"என் கைரேகையைத் தவிர எதையும் இந்தக் கையுறை ஏத்துக்காதும்மா."

அரை மணி நேரம் கழித்துத்தான் விளக்கு அணைந்தது. சுவரைப் பிடித்து எழுந்தபோது போன் மறுபடி அதிர்ந்தது.

"அக்கா நெஞ்சு நின்ன பத்தாவது நிமிஷம் துணியைப் போட்டு மூடிக் கட்டிலை அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க மாமா" என்று முனியப்பன் அழுதான்.

முன்பு கொத்தனாராகச் சாரத்தில் நின்று சடையாண்டி சுவர் எழுப்பிய காலமெல்லாம் கீழேயிருந்து செங்கல் எடுத்துக்கொடுத்தவள் அவன் பெண்டாட்டி குருவம்மாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய அரை மணி நேரம், சடையாண்டி அவளுக்குத் தர வேண்டிய பாக்கி.