வாய் மூடாத மேசை

"யோவ் ஆம்ப்ரோஸ், சிவப்பு ஜன்னல் பக்க மூலைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடக்கு. இதையும் விட்டேன்னா உன்னைக் கீழே மீன் பொரிக்கத்தான் அனுப்பணும்" என்றேன்.

ஆம்ப்ரோஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்தார், அடித்தார். சிவப்புப் பந்து மேசை மூலைப் பையின் விளிம்பில் நின்று யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. பெஞ்சில் இருந்த நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரை ஒரு பாட்டம் திட்டினோம்.

டெட்ராய்ட்டின் கிழக்குப் பகுதியில், மீன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ராஸ்கோவின் பில்லியர்ட்ஸ் கூடம். இன்று அந்தக் கட்டடமே இல்லை, அங்கே கார் நிறுத்துகிறார்கள். எனக்கு மட்டும் அந்தப் பக்கம் போனால் இன்னமும் பொரித்த மீன் மணக்கும்.

முதல் மேசை ஆம்ப்ரோஸுடையது. இரும்பு உருக்கும் ஆலையில் முதுகு ஒடிய உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி லவீனியா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு வீடு என்றால் வெறும் சுவர்தான். மதியம் ஆனால் படியேறி எங்களிடம் வந்துவிடுவார்.

எது தன்னுடைய பந்து என்று அடுத்தவனிடம் கேட்டு ஆடும் நாள் வந்தால், குச்சியை மாட்டிவிட்டு வீட்டோடு இருந்துவிடுவேன் என்று அடிக்கடி சொல்வார். சொன்னால் செய்கிற ஆள். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்தால் அவர் எத்தனை நாள் தாங்குவார் என்று எங்களுக்குப் பயம்.

அன்று அவரோடு ஆடியவன் வெண்டல். ஊரின் மேற்குப் பக்கத்துக்காரன், முப்பது வயது இருக்கும். தோல் உறையில் சொந்தக் குச்சியோடு முதல் முறையாக வந்திருந்தான். மரியாதை தெரிந்த பிள்ளை. அதுதான் வினையாகப் போனது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவர் குனியறப்ப எல்லாம் கத்துறீங்க. கொஞ்சம் நிம்மதியா ஆட விடுங்களேன்."

அதில் என்ன குற்றம் கண்டுபிடிக்க? ஆள் குனிந்தபின் பேசக் கூடாது என்பது எல்லாக் கூடத்திலும் உள்ள முறைதான். அதுவும் எதிராளிக்காக அல்லவா பரிந்து பேசுகிறான்!

கீழே எண்ணெய் கொதிக்கிற சத்தம் மேலே கேட்டது. அத்தனை அமைதியாக அந்தக் கூடத்தை நான் பார்த்ததே இல்லை.

மறுபடி கத்தினால் ஏன் என்று கேட்பான். ஆம்ப்ரோஸுக்குக் கண் தெரியாது என்று அவர் முன்னாலேயே அவனிடம் எப்படிச் சொல்வேன்?

சர்க்கரை வியாதி அந்தக் கண்களைத் தின்றுவிட்டிருந்தது. குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்து மங்கலாகத் தெரியும், மற்றதெல்லாம் வெறும் கறை. ஆனால் மேசை அவர் கைக்கு மனப்பாடம். எந்தப் பந்து எங்கே கிடக்கிறது என்று தெரிந்தால் போதும், போட்டுவிடுவார். அதைத்தான் நாங்கள் திட்டித் திட்டியே அவர் காதில் போட்டுக்கொண்டிருந்தோம். ராஸ்கோகூடக் கல்லாவில் இருந்தபடி திட்டுவான். அவருக்கே தெரியாமல் இதைச் செய்கிறோம் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்போது அவருக்கு மிச்சம் இருந்தது பழுப்பும் கறுப்பும். பழுப்பைப் போட்ட பிறகுதான் கறுப்பைத் தொடலாம். கறுப்பு முந்தி விழுந்தால் ஆட்டம் போச்சு. அந்தக் கண்ணுக்கு இரண்டும் ஒரே இருட்டு.

ஆம்ப்ரோஸ் மேசை விளிம்பில் கையை ஓட்டியபடி ஒரு சுற்று வந்தார். குச்சி நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சற்று நேரம் நின்றார். அவராகக் கேட்டால் நாங்கள் சொல்லலாம். அவர் கேட்கிற ஆளா?

"பழுப்பு, மூலைப் பை" என்று சொல்லிவிட்டு, கறுப்புக்கு நேராகக் குனிந்தார்.

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

வெண்டல் குச்சியின் நுனியைப் பார்த்தான். கறுப்பைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அதில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது போல.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"என்ன பெருசு, பழுப்பு அங்கே வாசல் பக்க நடுப் பைக்கு ரெண்டு விரல்ல கிடக்கு, பாவம்னு உன்னையே பாத்துக்கிட்டு இருக்கு. அதை விட்டுட்டு இங்கே என்ன முட்டி வலிக்குத் தைலமா தேடுறே?"

சுமாரான திட்டுதான். ஆனால் எனக்கு அவன் காலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆம்ப்ரோஸ் மெல்ல நிமிர்ந்தார். வாசல் பக்கம் நடந்து போனார். "பழுப்பு, நடுப் பை" என்று மாற்றிச் சொல்லிவிட்டு அடித்தார். விழுந்தது. அடுத்து கறுப்பு கிடந்த இடத்தையும் வெண்டல்தான் திட்டிச் சொன்னான். கறுப்பும் போயிற்று. தன் வாயாலேயே தன் ஆட்டத்தைத் தோற்றான் அந்தப் பிள்ளை.

தோற்றவன்தான் அடுத்த ஆட்டத்துக்குப் பந்துகளை அடுக்க வேண்டும். வெண்டல் குனிந்து முக்கோணச் சட்டத்துக்குள் பந்துகளைச் சேர்க்கத் தொடங்கினான்.

ஆம்ப்ரோஸ் குச்சியை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"லெமுவேல், அந்தத் தம்பி வந்தா பெஞ்சுல உன் பக்கத்துல உட்கார வச்சுக்க. பாத்து ஏதாவது கத்துக்க. நீ ஒரு சாண்னு சொன்னா எப்பவுமே ரெண்டு சாண் இருக்கு."

நான் நகர்ந்து இடம் விட்டேன்.