ஸ்டார்ட் ஆனால் கைது

"இது ஸ்டார்ட் ஆச்சுன்னா நீங்க என்கூட ஜீப்ல வரணும். புரியுதா சார்?"

இன்ஸ்பெக்டர் பிரவீனா கேட்டதும் ஸௌந்தரராஜன் தன் பழைய மோரிஸ் மைனர் காரைப் பார்த்தார். மண்ணூர் ஷெட்டில் அது தூசி மூடிக் கிடந்தது.

"பதினெட்டு வருஷமா ஒரு அடி நகரலை மேடம். நான் இருக்கிறது பெரும்புதூர்ல. இந்தப் பக்கம் வந்தே ஆறு மாசமாச்சு."

"போன வெள்ளிக்கிழமை கன்னியம்மாவை அடிச்சுட்டு நிக்காமப் போனது உருண்டை ஹெட்லைட் வச்ச பழைய கார். பார்த்தவங்க ரெண்டு பேர். இந்த வட்டாரத்துல அப்படி ஒண்ணு உங்ககிட்டதான் இருக்கு. கம்பெனி பஸ்ஸுக்கு நின்ன பொண்ணு. இன்னும் கண் திறக்கலை."

"ஓடாத வண்டி எப்படி மேடம் அடிக்கும்?"

"ஓடுமா ஓடாதான்னு இவர் சொல்லட்டும்."

எதிர் ஒர்க்‌ஷாப் தேவநாதன் பானெட்டைத் தூக்கினான்.

"மேடம், நான் ஷேர் ஆட்டோ, குட்டியானை லோடு வண்டி பாக்குறவன். இந்த மாதிரி வண்டில கையே வச்சதில்ல. பாத்துதான் சொல்லணும்."

"பாருங்க. அவசரமில்ல."

அவன் பிளக்குகளைக் கழற்றினான். டேங்க்கில் பெட்ரோல் ஊற்றினான். மூன்று பேருக்கும் வியர்த்தது. தகர ஷெட்.

"பிளக்கு நல்லாத்தான் கீது மேடம்."

"நல்லாத்தான் கீதுன்னா? துரு பிடிச்சிருக்கணுமேப்பா!" என்றார் ஸௌந்தரராஜன்.

"கீறதைத்தான் சார் சொல்ல முடியும்."

"உன் கடைக்கு இடம் விட்டதே நான்தான்டா!"

"அதுக்கு? போலீஸாண்ட பொய் சொல்லணுமா?"



வண்டியில் பேட்டரி இல்லை; வெளியே நின்ற கான்ஸ்டபிள் ஜீப்பிலிருந்து புது பேட்டரியைக் கொண்டுவந்து வைத்தார். தேவநாதன் அதைத் தூக்கி உள்ளே இறக்கினான். இரண்டு ஒயர்களையும் மாட்டி முடுக்கினான்.

"ஸ்டார்ட் பண்ணட்டா மேடம்?"

"வேணாம். சார் பண்ணட்டும்."

ஸௌந்தரராஜன் ஏறி உட்கார்ந்தார். வண்டியிலேயே தொங்கிய சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் குமிழைப் பிடித்து இழுத்தார். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. அவர் மூச்சு விட்டார்.

"இன்னொரு தடவை," என்றார் பிரவீனா.

"சோக்கை இழுத்துக்கினு அடி சார்," என்றான் தேவநாதன்.

அடித்தார். ஷெட் முழுக்கப் புகை. இன்ஜின் சீராக ஓட ஆரம்பித்தது.

ஸௌந்தரராஜன் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். "நான் ஓட்டலை மேடம். பெருமாள் சத்தியமா நான் ஓட்டலை."

"பாத்தீங்களா மேடம்? சும்மா கும்முனு ஓடுது!" தேவநாதன் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

பிரவீனா குனிந்து சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"இறங்குங்க சார். நீங்க வீட்டுக்குப் போகலாம்."

பிறகு தேவநாதனின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"நீ பாக்குற வண்டி எல்லாத்துலயும் பேட்டரியோட மைனஸ் ஒயர்தான் பாடிக்குப் போகும். இந்தப் பழைய இங்கிலீஷ் வண்டில மட்டும் தலைகீழ், பிளஸ்தான் பாடிக்கு. கையே வச்சதில்லன்னு சொன்ன நீ, யாரையும் ஒரு வார்த்தை கேக்காம அதை எப்படிடா சரியா மாட்டினே?"