கொய்யாவுக்குள் மாப்பிள்ளை

மாமனார் ஒயின் ஷாப் படியேறி வந்தபோது அவன் கொய்யாப்பழத்துக்குள் இருந்தான்.

நல்லவேளை, முகம் தெரியாது.

தலையிலிருந்து முட்டி வரை பஞ்சு. தலைக்கு மேல் துணியில் தைத்த ரெண்டு இலை. பழத்தின் சிரித்த வாயில் கறுப்பு வலை. அது வழியாகத்தான் அவன் வெளியே பார்க்க வேண்டும். ஜிப் முதுகுப் பக்கம். காலை பதினோரு மணிக்குக் கல்லாவில் இருக்கும் அந்துவான் ஏற்றிவிடுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே இறக்கிவிடுவார். நடுவில் ஒண்ணுக்கு வந்தாலும் அந்துவானைத்தான் கூப்பிட வேண்டும்.

ஓடிவிடலாமா?

எங்கே ஓடுவது! இந்த உடுப்போடு படியிறங்கத் தனியாக முடியாது. ஒருமுறை இறங்கி உருண்டதில் ஊரே சிரித்தது.

அசையாமல் நின்றான்.

மாமனார் பிராந்தி ஆள். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மதியம் ஒரு குவார்ட்டர், அதோடு சரி. அதுவும் நெல்லித்தோப்பில், வீட்டுக்குப் பக்கத்தில். பாண்டிச்சேரியில் தடுக்கி விழுந்தால் ஒயின் ஷாப். அத்தனையையும் விட்டுவிட்டு இந்த மனுஷர் இங்கே எதற்கு வந்தார்?

"ரோஸ் கொய்யா இருக்கா?" என்று அந்துவானிடம் கேட்டார். "நாலு கடை ஏறி எறங்கிட்டேன். எங்கயும் இல்லன்றான்."

அடக் கடவுளே என்றிருந்தது அவனுக்கு.

போன வருஷம் இதே ரோஸ் கொய்யாவுக்கு இந்தப் படியில் வரிசை நின்றது.

கொஞ்சம் வோட்கா, நிறைய கொய்யா வாசனை, நாக்கு நுனியில் ஒரு மிளகாய்க் கடி. அவ்வளவுதான் விஷயம். ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் கடலைக்கூட அப்புறம்தான் பார்த்தார்கள். முதலில் ரோஸ் பாட்டிலோடு ஒரு செல்ஃபி. அவன் அப்போது சேல்ஸ் ஆபீசர். கழுத்தில் டை, கம்பெனி பைக். கடைக்காரர்கள் நாற்காலி போட்டு, டீ சொல்லி, கூட ரெண்டு பெட்டி போடுங்க சார் என்று கெஞ்சினார்கள்.

அந்த ஜோரில்தான் ஆவணியில் பெண் கொடுத்தார்கள். வரவேற்பில் வந்தவர் போனவரிடமெல்லாம் மாமனார் மார்தட்டினார். ரோஸ் கொய்யா தெரியுமில்ல, அது எம் மாப்ளதான்!

வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது.

பொங்கல் வருவதற்குள் ஜோர் அடங்கியது. யாரோ புளி வாசனையில் ஒரு சரக்கு விட்டார்கள், யாரோ இளநீரில் ஒன்று விட்டார்கள். பிள்ளைகள் அதன் பின்னால் போய்விட்டார்கள். சேல்ஸ் ஆபீசர் எட்டுப் பேரில் ஏழு பேரைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. உடுப்பு அவன் உயரத்துக்குப் பொருந்தியதால், சரக்கு தீரும்வரை இதைப் போட்டுக்கொண்டு நில் என்று அவனை மட்டும் வைத்துக்கொண்டது.

நாலு மாதம் ஆகிறது. சரக்கு தீர்ந்தபாடில்லை.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் இந்துமதி இஸ்திரி போட்ட சட்டையை நீட்டுகிறாள். டை கட்டிக்கொண்டு கிளம்புகிறான். அவளிடம்கூடச் சொல்லிவிடலாம். ஆனால் அவள் அப்பா காதுக்குப் போகுமே! அந்த ஒரு மனுஷர் கண்ணில் மட்டும் தாழ்ந்துபோகக் கூடாது. அதற்காகத்தான் இந்தச் சித்திரை வெயிலில் இத்தனை வேக்காடும்.

"அது வெறும் இனிப்புத் தண்ணி, பெருசு. உனக்கு எதுக்கு? பிராந்தி எடுத்துக்க" என்றார் அந்துவான்.

"குடிக்கவா கேட்டேன்? எம் மாப்ள கம்பெனி சரக்கு ஓடலன்னு பேசிக்கிறானுங்க. வாராவாரம் ரெண்டு வாங்கிடறேன். கட்டிலுக்கு அடியில கெடக்குது, கெடக்கட்டும்."

அந்துவான் ரெண்டு பாட்டிலைத் தூசி துடைத்து வைத்தார்.

அவனுக்கு அழுகை வந்தது, வெட்கங்கெட்ட அழுகை. துடைக்கலாம் என்றால் கொய்யாவின் கை உள்ளே இருக்கும் கண்ணுக்கு எட்டாது.

மாமனார் திரும்பினார். வாசலில் நிற்கும் பழத்தைப் பார்த்துச் சிரித்தார். கிட்டே வந்து அதன் வயிற்றில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

யார் வந்தாலும் ரெண்டு கையையும் ஆட்ட வேண்டும். கம்பெனி உத்தரவு. ஆட்டினான்.

அவர் பார்வை கீழே இறங்கியது. பச்சைக் காலுறை. அதற்கும் கீழே பிரவுன் ஷூ. தலைதீபாவளிக்கு நேரு வீதிக் கடையில் அவரே தேர்ந்தெடுத்து, குனிந்து கட்டைவிரலை அமுக்கி அளவு பார்த்து, வாங்கித் தந்தது.

சிரிப்பு நின்றது.

வலைக்கு உள்ளே அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கூப்பிடப்போகிறார். பேர் சொல்லிக் கூப்பிடப்போகிறார். இந்தப் பட்டப்பகலில், இத்தனை பேர் நடுவில்.

அவர் கூப்பிடவில்லை.

பாட்டில் ரெண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்து இறக்கிவிட்டார். கணுக்கால் மறைய, கொஞ்சம் ஒதுங்கி நின்றார். இந்துமதியைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவன் எதிரில் ஒருநாள்கூட அவர் மடித்துக் கட்டி நின்றதில்லை.

பிறகு படியிறங்கினார்.

ஹாரன் அடித்த கார்களுக்கு நடுவே, லுங்கி காலைத் தடுக்கத் தடுக்க, சாலையைக் கடந்தார். எதிர்ப்பக்கம் தெருமுனை திரும்பும்போதுதான் மறுபடி மடித்துக் கட்டினார்.