வஞ்சிரம் என்னும் கதாநாயகி

"ஸ்டாண்டுல பதினோரு வண்டி நின்னுகினு கீது. இந்தம்மா இன்னாத்துக்கு என் பேரச் சொல்லி, நான்தான் வேணும்னாங்க?"

ஆட்டோவைக் கிளப்பியபடியே பூபாலன் கேட்டார். பின்னிருக்கையில் வெளிநாட்டுப் பெண்மணிக்கு அருகே அமர்ந்திருந்த ரூத் உதட்டைப் பிதுக்கினாள். அவள் மாமல்லபுரத்தில் சுற்றுலா வழிகாட்டி. மொழிபெயர்த்துச் சொல்வதற்காக இன்று காலைதான் அமர்த்தப்பட்டிருந்தாள்.

"யாராச்சும் சொல்லியிருப்பாங்கண்ணா. ஊர் சேதியெல்லாம் உனக்குத்தான் அத்துப்படின்னு."

"அது கரெக்டு. புதுப்பட்டினத்துல நமக்குத் தெரியாதது இன்னா கீது?"

அந்தப் பெண்மணியின் பெயர் ஹெலேனா. அறுபத்தெட்டு வயது, செக் நாட்டவர். ஆங்கில நூல்களைச் செக் மொழியில் பெயர்ப்பதே நாற்பதாண்டுகளாக அவருடைய தொழில். நாற்பத்து மூன்று நூல்கள் வெளிவந்துவிட்டன. நாற்பத்து நான்காவது நூல், மாமல்லபுரத்தை அடுத்த மீனவ ஊரான புதுப்பட்டினத்தைப் பற்றி டெல்லி எழுத்தாளர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். 'இதில் வரும் வழக்கங்கள் அனைத்தும் உண்மை' என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதுதான் ஹெலேனாவை உறுத்தியது. 'அச்சிடுங்கள்' என்றோ, 'நிறுத்துங்கள்' என்றோ இன்று மாலைக்குள் அவர் பதிப்பாளருக்குச் சொல்லியாக வேண்டும்.

"எங்கள் நாட்டில் கடல் கிடையாது, ரூத்," என்றார் அவர் ஆங்கிலத்தில். "என் வாசகர்கள் கடலை என் எழுத்தில்தான் பார்க்கிறார்கள். பிழை கண்டால் பக்க எண்ணோடு அஞ்சலட்டை போடுவதற்கென்றே அங்கு ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் இருக்கிறார். நாற்பதாண்டுகளில் அவருக்கு நான் ஓர் அட்டைக்கும் வேலை வைத்ததில்லை. இந்த வழக்கங்கள் மெய்தானா என்று இவரிடம் கேள்."

ரூத் நாவலைப் பிரித்தாள். "அண்ணா, பௌர்ணமி அன்னிக்கு மாமல்லபுரம் லைட் ஹவுசை அணைச்சிடுவாங்களாம். ரெண்டு வெளிச்சம் இருந்தா மீனுங்களுக்கு வழி தெரியாதாம். நிஜமா?"

"எவன் சொன்னான் இத? லைட்ட அணைச்சிட்டா கப்பலுங்கல்லாம் நேரா கடற்கரைக் கோயிலுக்குள்ள சாமி கும்புட வந்துடும்! எழுதுன ஆளு இன்னா லூசா?"

"இல்லை என்கிறார்," என்றாள் ரூத் ஆங்கிலத்தில்.

ஹெலேனா மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் ஏறக்குறைய பதினைந்து சொற்கள் பேசினார். நீ இரண்டில் முடித்துவிட்டாய். மீதி எங்கே?"

ரூத் நாக்கைக் கடித்துக்கொண்டு, 'லூசு' உட்பட ஒன்றும் விடாமல் சொன்னாள். ஹெலேனா முகம் மாறாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"அடுத்தது இன்னாம்மா?" பூபாலனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"மாப்பிள்ளை கடல்ல முங்கி, வாயால ஒரு மீனைக் கவ்விகினு வந்தாத்தான் பொண்ணு குடுப்பாங்களாம்."

"அப்ப நம்ம ஊர்ல பாதி பேருக்கு இன்னும் கல்யாணமே ஆயிருக்காது! எனக்கு நீச்சலே தெரியாது. என் மாமனாரு என் கையில ஆட்டோ கீதான்னுதான் கேட்டாரு."

ஹெலேனா அதையும் எழுதிக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு. கொழந்த பொறந்த அன்னிக்கு வலையில மொதல்ல எந்த மீனு விழுதோ, அந்த மீனு பேரத்தான் கொழந்தைக்கு வைப்பாங்களாம்."

"நான் பொறந்தப்ப பூபாலன்னு ஒரு மீனு மாட்டிச்சாமா? சரி, கதையில கதாநாயகி பேரு இன்னா?"

"வஞ்சிரம்."

பூபாலன் ஆட்டோவைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டார். சிரித்த சிரிப்பில் ஹேண்டில்பார் ஆடியது. "அவளக் கட்டிகினவன் காலைல இன்னான்னு கூப்புடுவான்? 'அடியே வஞ்சிரம், ஒரு டீ போடு'ன்னா?"

ரூத்துக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹெலேனா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வரியென்றால் திருத்தச் சொல்லலாம். கதாநாயகியின் பெயரே பொய்யென்றால் நாவலில் மிஞ்சுவது என்ன? அச்சை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அவருடைய முகத்தைக் கண்ணாடியில் கண்ட பூபாலன் சற்றே இளகினார். "அந்த எழுத்தாளர் மேலயும் தப்பில்லம்மா. பாவம், வெளியூரு ஆளு. எவனோ ஒரு டுபாக்கூரு அவரு காதுல நல்லா பூ சுத்தியிருக்கான். ஊரு மானத்தையே கப்பலேத்திட்டான். அவன் மட்டும் என் கையில கெடைச்சான், வஞ்சிரத்தாலயே அடிப்பேன்!"

'டுபாக்கூர்' என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல் ரூத் திண்டாடினாள்.

"அதை அப்படியே எழுதிக் கொடு, எனக்குத் தேவைப்படும்," என்றார் ஹெலேனா. பிறகு நாவலின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினார். "இது நன்றியுரை. இதையும் ஒரு சொல் விடாமல் அவருக்குச் சொல்."

ரூத் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "'இதுல ஒரு வழக்கமும் என் கற்பனை இல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னாடி, மழையில நான் புதுப்பட்டினத்துல மாட்டிகினு இருந்தப்ப, பத்து நாளு தன்னோட ஆட்டோவுலயே உக்கார வச்சி, இதெல்லாம் எனக்கு எடுத்துச் சொன்ன...'"

அவள் குரல் தயங்கியது. முன்னிருக்கையை ஒரு முறை பார்த்துவிட்டு, மெல்ல முடித்தாள்.

"'...அன்பு நண்பர் பூபாலனுக்கு நன்றி.'"

ஹெலேனா பேனாவின் மூடியைத் திறந்தார். "இனி ஒரே ஒரு கேள்விதான், ரூத். இவர் புளுகியது அன்றைக்கா, இன்றைக்கா?"