இன்னிக்கு எத்தனை ஆச்சு?

"வண்டியைக்கூட ஆஃப் பண்ணாம எறங்கி ஓடறியே, இன்னாடா அவசரம்?"

பின் சீட்டில் இருந்த ஞானசுந்தரி கேட்டு முடிப்பதற்குள், மகன் ஷெர்வின் கரண்ட் கம்பத்தின் இடுக்கில் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்துவிட்டான். உள்ளே இருந்த சீட்டில் கையெழுத்துப் போட்டு, பழையபடி செருகினான்.

"பதினாறு!"

இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயராம். யாரோ ஒளித்து வைத்த டப்பாவைப் போனில் இடம் பார்த்துத் தேடிப் பிடிக்க வேண்டும். வாரமெல்லாம் பெங்களூரு ரயிலில் தொங்குகிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஊரில், கோலார் தங்க வயலில், இதுதான் வேலை.

"இன்னும் நாலு எடுத்தா என் ஃப்ரெண்டு வாசுவைத் தாண்டிடுவேம்மா."

"தாண்டி? அந்தச் சுரங்க ஷாஃப்ட் கிட்ட ஒண்ணு எடுத்தியே, அங்க ஒரு கல்லுல பேரெல்லாம் எழுதியிருந்துச்சே, படிச்சியா?"

"கல்லா? எங்க?"

"பாரு! உள்ள எறங்கி மேல வராத ஆளுங்க பேருடா அது. கல்லுக்குப் பின்னாடியே கைய வுட்டு டப்பாவை எடுத்துட்டு, கல்லு எங்கன்னு கேக்கறே. நூறு எடம் போயி ஒண்ணையும் பாக்காம வர்றதுக்கு வூட்லயே இருக்கலாம்."

ஷெர்வினுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நீ சொல்றது சரிதாம்மா." போனைச் சட்டைப் பையில் போட்டான். "மீதி நாலு வேணாம். அந்தக் கல்லைப் போய்ப் படிச்சிட்டு வரலாம், வா."

"நல்ல புள்ளை. ஆனா மொதல்ல கோரமண்டல் ஏரியாவுக்கு வுடு, ஒரு வூட்ல ஜெபம் பண்ணணும். அஞ்சு மணிக்குச் சர்ச்சுல பெண்கள் ஐக்கியக் கூட்டம். வருஷ அறிக்கை படிக்கணும்."

கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றின் முன் வண்டி நின்றது.

"ஆஃப் பண்ணாதே, தோ வந்துடறேன்."

கால் ஒடிந்து படுத்திருந்த டேவிட்டின் வீடு அது. வாசல் நிலையிலேயே நின்று, முக்காடு போட்டு, கண்ணை மூடினாள் ஞானசுந்தரி.

"ஆண்டவரே, உம்முடைய பிள்ளை டேவிட்டின் காலைத் தொட்டுக் குணமாக்கும். ஆமென்."

கண்ணைத் திறந்ததும் பையிலிருந்து சந்திப்புக் கணக்கு நோட்டுதான் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதை வாசலை ஒட்டியிருந்த கட்டில் பக்கம் நீட்டினாள்.

"நோயாளிங்களைப் போய்ப் பாத்ததுல இது நூறாவது சந்திப்பு, டேவிட் அண்ணே! எங்க ஐக்கியத்துப் பியூலா இன்னும் தொண்ணூத்தேழுலயே நிக்கறா. இந்த வருஷம் மெடல் எனக்குத்தான். ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. மெதுவாகக் கையெழுத்துப் போட்டது.

"ஸ்தோத்திரம்! அடுத்த வாரம் வர்றேண்ணே." நோட்டை வாங்கிக்கொண்டு தெருப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அக்கா..." போர்வைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஈனசுவரத்தில் வந்தது. "அவரு எழுந்து நடமாட ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு. படுத்திருக்கறது நான், அவரு சம்சாரம் ரெபேக்கா. போன மூணு கையெழுத்தும் நான் போட்டதுதாங்க்கா."